பாதி ஒட்டகம் உள்ள அட்டை

எங்கள் சபையில் புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுக்க வேண்டும். பித்தளைத் தாம்பாளத்தில் அட்டைகளைக் குவித்து, மேலே வெள்ளைத் துணியால் மூடியிருப்பார்கள். துணிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தால் அதில் வேதத்திலிருந்து ஒரு வரி இருக்கும். அந்த ஆண்டு முழுவதும் கடவுள் உங்களிடம் பேசப்போவது அந்த ஒரு வரியில்தான். எடுத்ததைத் திரும்பப் போடக் கூடாது. ஒருவருக்கு வந்த அட்டை இன்னொருவருக்குப் பலிக்காது. வெளிநாட்டில் இருப்பவருக்காக வீட்டில் இருப்பவர் எடுத்துத் தபாலில் அனுப்பலாம். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் கேரளத்தின் தென்கோடியில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் உள்ள எங்கள் சபைகளில் இதை மீறினேன் என்று சொல்ல ஒருவரும் முன்வரமாட்டார்கள். நான் மீறினேன்.

1997-க்கான அட்டைகளை எழுதியதும் நாங்கள்தான். ஞாயிறு பள்ளி ஆசிரியைகள் மூன்று பேர் டிசம்பர் கடைசியில் உட்கார்ந்து, வந்து குவிந்த பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளை இரண்டாக நறுக்கி, படமில்லாத பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினோம். பாதி தமிழில், பாதி மலையாளத்தில். அதனால் ஒவ்வொரு அட்டையின் முதுகிலும் அரை மணி, அரை நட்சத்திரம், தலையில்லாத மேய்ப்பன் என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் என் கணவர் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டார். சியரா லியோனில், ஃப்ரீடவுன் நகரத்தின் மலைச்சரிவில், விடுதியோடு கூடிய ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் பாறசாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டில் நானும் மாமியும்தான். மாமியார் என்றால் கொடுமைக்காரி என்று நினைக்க வேண்டாம். நல்ல மனுஷி. என்னை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார். நான்தான் அந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இருந்தேன். பாறசாலையில் பிறந்து, பாறசாலையில் படித்து, பாறசாலையிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டு, ஒரே ரயில்வே கேட்டில் இருபத்தாறு வருஷமாகக் காத்து நின்றவளுக்கு எப்படி இருக்கும்! அவர் பள்ளிக்கூடத்தின் பக்கத்திலேயே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. எனக்கு அங்கே வேலை கேட்டு அவர் எழுதிப் போட்டிருந்தார். ஜூலைக்குள் விசா வந்துவிடும் என்றார்கள். பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டேன்.

புத்தாண்டு காலையில் வரிசையில் நின்று முதலில் எனக்கு ஒன்று எடுத்தேன். அதில் என்ன இருந்தது என்று இன்று நினைவில்லை. பிறகு அவருக்காகக் கைவிட்டேன். வந்தது என் கையெழுத்திலேயே இருந்த ஒரு அட்டை. 'உன்னை இந்தத் தேசத்துக்கே திரும்பிவரச் செய்வேன்' என்ற பொருளில் ஒரு வரி. பின்பக்கம் பாதி ஒட்டகம், முன்னங்கால்களும் கழுத்தும் மட்டும்.

வேறு யாராயிருந்தாலும் முத்தமிட்டிருப்பாள். எனக்குப் பயம்தான் வந்தது. அவர் திரும்பி வந்துவிட்டால் நான் எங்கே போவது? என் விசா, என் பெட்டி, என் ரயில்வே கேட்! யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அட்டையைத் துணிக்குள் ஓரமாகத் தள்ளிவிட்டு இன்னொன்றை உருவினேன். 'பயப்படாதே, நின்ற இடத்தில் நில், உன் மீட்பைக் காண்பாய்' என்ற மாதிரி ஒரு வரி. பின்பக்கம் அரை நட்சத்திரம். ஆஹா, இதுதான் நமக்கு என்று அன்றைக்கே உறையில் போட்டு அனுப்பினேன். தேவனுக்கே தெரிவு செய்து கொடுத்தவள் நான்.

எனக்குப் பின்னால் நின்ற மாமியும் எடுத்தார். வீட்டுக்கு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சந்தோஷமாக என்னிடம் நீட்டினார். அந்தப் பாதி ஒட்டகம். 

"அவனெத் திரும்பக் கொண்டு வருவாராக்கும்," என்றார். "கேட்டியா மக்களே?"

"அது உங்களுக்கு வந்தது மாமி," என்று மட்டும் சொன்னேன். நாகர்கோவிலுக்கு அப்பால் போயிராத மாமி எந்தத் தேசத்துக்குத் திரும்பி வர! மாமி அதைத் தன் வேதப்புத்தகத்தில் வைத்துக்கொண்டார். ஏதோ தற்செயல் என்று நான் என் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மே மாதக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த நாட்டுச் சிப்பாய்கள் சிலர் சிறையை உடைத்து, வானொலி நிலையத்தைப் பிடித்து, தேர்தலில் ஜெயித்து வந்த ஜனாதிபதியை விரட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை பேப்பரில் நாலு வரிச் செய்தி. ஊர் பெயரைப் பார்த்ததும் நான் பஸ்ஸிலேயே உட்கார்ந்து அழுதேன். அதற்கு அடுத்த நாட்களில் கொள்ளை, கடைகளுக்குத் தீ, வெளிநாட்டுக்காரர் வீடுகளில் துப்பாக்கியோடு நுழைகிறார்கள் என்று சிற்றலை வானொலியில் துண்டு துண்டாகக் கேட்டோம். அண்டை நாடுகள் பட்டாளம் அனுப்பும், பழைய ஆட்சியைத் திரும்பக் கொண்டு வரும் என்றும் அதே வானொலி சொன்னது.

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற பட்டாளக்காரர் ஒருவர் இருந்தார். அந்த வாரம் ஆராதனை முடிந்ததும் எங்களைச் சுற்றிக் கூட்டம் கூடியபோது அவர்தான் தைரியம் சொன்னார்.

"நீங்க பேடிக்காண்டாம். எம்பத்தெட்டுல நாங்க மாலத்தீவுல போய் எறங்கினோம். கண்ணடச்சுத் தொறக்கியதுக்குள்ள ஆட்சியெப் பிடிச்சவனுவ கப்பலேறி ஓடினானுவ. ஜனாதிபதி பழையபடி கசேரயில இருந்தாரு. பட்டாளம் எறங்கினா அவ்வளவுதான் காரியம்."

அந்தப் பேச்சை நான் அப்படியே விழுங்கினேன். விழுங்க விரும்பினேன் என்பதுதான் சரி.

அடுத்த இரண்டொரு நாளில் போன் வந்தது. எங்கள் தெருவில் போன் இருந்தது கல்ஃபில் மகன் இருக்கும் பக்கத்து வீட்டில் மட்டும். அந்த வீட்டு அக்கா வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட, நானும் மாமியும் ஈரக்கையோடு ஓடினோம். ரிசீவரை நான் வாங்கினேன். என் கணவர்தான்.

கடற்கரை ஹோட்டல் ஒன்றிலிருந்து பேசுவதாகச் சொன்னார். வெளிநாட்டுக்காரர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி, கடலில் நிற்கும் அமெரிக்கக் கப்பலுக்குக் கொண்டுபோகிறார்களாம். வரிசையில் நிற்கிறாராம். ஒரே ஒரு போன்தான் வேலை செய்கிறதாம், ஆளுக்கு மூன்று நிமிஷமாம்.

"ஹாஸ்டல்ல முப்பது பிள்ளையளு மாட்டிக்கிடக்கு. ஊருக்குப் போவ ரோடு இல்ல. ஹெட்மாஸ்டர் நிக்காரு," என்றார். "எனக்கு ஒரு எத்தும் பிடியும் கிட்டல்ல பிள்ளே. நீ சொல்லு. போவட்டா, நிக்கட்டா?"

என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் இவ்வளவு பெரிய கேள்வி கேட்டதில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"உங்க அட்டையில என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுப்பது கேட்டது. "நின்ன இடத்தில நில்லுன்னாக்கும்."

"அப்பம் பின்ன என்ன?" என்றேன்.

மாமி என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினார். "மோனே, நீ வந்துரு. எனக்குக் கிட்டின அட்டையில திரும்பக் கொண்டு வருவேன்னு போட்டிருக்கு. கேக்குதா? நீ அந்தக் கப்பல்ல ஏறு."

ரிசீவர் மாமியின் காதில் இருந்தாலும் மறுமுனையில் அவர் குரல் எனக்கும் கேட்டது. "அம்மா, அது உங்களுக்குள்ளதுல்லா? நீங்க எங்க போயிருக்கிய திரும்பி வாறதுக்கு?" என்று கேலி செய்தார். "எனக்குள்ளது என் கையில இருக்கு."

மாமி திரும்பி, என் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்கு இருந்தது, நாலைந்து நொடிதான் இருக்கும். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினார். இன்னும் கொஞ்சம் நேரம் பாக்கி இருந்தது. அம்மாவுக்கு வந்தது உங்கள் அட்டைதான், நான்தான் மாற்றினேன், ஏறிவிடுங்கள் என்று சொல்ல அந்த நேரம் தாராளமாகப் போதும். நான் சொன்னது இது: "பேடிக்காதீங்க. பட்டாளம் எறங்கினா ஒரு வாரத்தில எல்லாம் சரியாவும்." அதோடு லைன் போய்விட்டது.

என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? இல்லை. விசா இருந்தது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும், ஜூலையில் நான் போய்விடுவேன். அவ்வளவுதான் என் கணக்கு.

ஒரு வாரத்தில் ஒன்றும் சரியாகவில்லை. முதலில் வந்த அண்டை நாட்டுப் பட்டாளம் அடிபட்டுப் பின்வாங்கியது. பிறகு விமான நிலையப் பக்கம் கூடாரமடித்து உட்கார்ந்துகொண்டது. பேச்சு வார்த்தை, கெடு, மறுபடி பேச்சு வார்த்தை. ஆட்சியைப் பிடித்தவர்களைப் பணிய வைப்பதற்காக, நாட்டுக்குள் கப்பல் எதுவும் வராமல் கடலை அடைத்தார்கள். மக்களாட்சியைத் திரும்பக் கொடுப்பதற்காக மக்களுக்குப் போகும் அரிசியை நிறுத்தினார்கள். நான் அரசியல் படித்தவள் இல்லை. ஆனால் இந்த நியாயம் எனக்கு இன்றுவரை தொண்டைக்குள் இறங்கவில்லை.

அந்த ஒன்பது மாதத்தில் அவரிடமிருந்து மூன்று கடிதம் வந்தது, பக்கத்து நாட்டுக்குப் போன யார் யாரோ தபாலில் சேர்த்தவை. 'இங்கேயும் மரச்சீனிக் கிழங்குதான் தின்கிறோம், நம் ஊர் மாதிரியே. இவர்கள் அதன் இலையையும் இடித்துக் கறி வைக்கிறார்கள், அம்மாவிடம் சொல்' என்று ஒன்றில் எழுதியிருந்தார். மாமி அதைக் கேட்டுச் சிரித்து, சிரித்த வாக்கிலேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இன்னொன்றில், பிள்ளைகள் இளைத்துவிட்டார்கள், ஆனாலும் பாடம் நடக்கிறது என்று எழுதியிருந்தார். உன் விசா பற்றி இப்போது ஆபீசில் கேட்க ஆளில்லை என்றும் ஒரு வரி. என்மேல் ஒரு கோபம், ஒரு குற்றச்சாட்டு, ஒன்றும் இல்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

சபையில் ஞாயிறுதோறும் அவருக்காக விண்ணப்பம் வைத்தோம். நானே எழுந்து நின்று சத்தமாக ஜெபம் பண்ணுவேன். அந்தப் பட்டாளத்துக்கு ஜெயம் கொடும் ஆண்டவரே, அவர்கள் கையைத் திடப்படுத்தும், சீக்கிரம் நகரத்துக்குள் நடத்தும். பெண்கள் ஆமென் சொல்லுவார்கள். பட்டாளம் நகரத்துக்குள் நுழைவது என்றால் என்ன என்று ஒரு நர்ஸாவது யோசிக்க வேண்டாமா? ரயிலில் அடிபட்டு வருகிறவர்களைப் பார்த்தவள்தானே நான். இரும்பு வந்து மோதினால் உடம்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

98 பிப்ரவரியில் அது நடந்தது. அந்த மாதம் எங்கள் ஊரிலும் பார்லிமென்ட் தேர்தல். ஜீப்புகள் மைக் கட்டிக்கொண்டு செங்கல், அமரவிளை என்று ஊர் ஊராக மக்களாட்சியைக் காப்பாற்றச் சொல்லிப் போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவில் வானொலியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். அண்டை நாட்டுப் பட்டாளம் பீரங்கியோடு முன்னேறுகிறது. நகரத்துக்குள் நுழைந்துவிட்டது. ஆட்சியைப் பிடித்தவர்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். முடிந்தது. ஜனாதிபதி திரும்பப் போகிறார்.

நான் கத்திக்கொண்டே அடுக்களைக்கு ஓடினேன். மாமியைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். அவரைக் கட்டிப்பிடித்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை சபையில் ஸ்தோத்திர ஆராதனை வைத்தோம். அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரும்வரை காத்திருக்கலாம் என்று போதகர் சொல்லிப் பார்த்தார். கேட்டேனா? அட்டையில் சொன்னபடியே நடந்துவிட்டதே, நின்ற இடத்தில் நின்று மீட்பைக் கண்டாரே என்று எழுந்து நின்று சாட்சி சொன்னேன். பட்டாளக்காரர் முன் பெஞ்சில் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்து எல்லாருக்கும் சாயாவும் ஏத்தன் வாழைக்காய் வறுத்ததும் கொடுத்தோம். விண்ணப்பச் சீட்டிலிருந்து அவர் பெயரை அன்றே அடித்துவிட்டார்கள். நன்றி செலுத்தியபிறகு விண்ணப்பம் எதற்கு?

மூன்று வாரம் கழித்து ஹெட்மாஸ்டரின் கடிதம் வந்தது. ஆங்கிலத்தில், அழகான சாய்ந்த கையெழுத்தில். பள்ளிக்கூடத்தின் மேல் மூன்று நாள் குண்டு விழுந்தது. பிள்ளைகளை வகுப்பறையின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் பிள்ளைகளுக்கு மரச்சீனி அவிக்க அவர் சமையல் கொட்டகைக்குப் போனார். கொட்டகை மேல் ஒன்று விழுந்தது. உள்ளே நுழைந்த பட்டாளம் போட்டதா, ஓடிப்போனவர்கள் போட்டதா, யாருக்கும் தெரியாது. பிள்ளைகளில் ஒருவருக்கும் காயமில்லை. பள்ளிக்கூடத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தோம். இப்படியெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் மக்களாட்சி திரும்பிவிட்டது, அடுத்த மாதம் பள்ளியைத் திறக்கிறோம் என்று எழுதியிருந்தார். அவரும் பாவம், எங்களுக்கு ஒரு ஆறுதல் சொல்ல நினைத்திருப்பார்.

தேதியைக் கணக்குப் பார்த்தேன். நான் சாட்சி சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முந்தி. அவரைக் குழியில் வைத்து மூடிய பிறகுதான் நாங்கள் இங்கே சாயா ஊற்றினோம்.

துக்கத்துக்குப் பட்டாளக்காரரும் வந்தார். முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "மாலத்தீவு சின்னதாக்கும். அங்க எல்லாம் லேசாட்டு முடிஞ்சு," என்று தன் கால்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். நான்தான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லவில்லை.

மழை தொடங்கிய பிறகு காட்டாக்கடை ஊர்க்காரர் ஒருவர் வந்தார். என் கணவரோடு அதே பள்ளியில் வேலை பார்த்து, முந்தின வருஷம் ஜூன் மாதம் அந்தக் கப்பலில் ஏறித் தப்பி வந்தவர். மிஷன் ஆபீசில் வந்து கிடந்த என் கணவரின் பையை அவர் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு சட்டை, கைக்கடிகாரம், வேதப்புத்தகம். புத்தகத்துக்குள் அரை நட்சத்திர அட்டை, மடங்காமல்.

"வரிசையில எனக்கு முன்னால நின்னது அவருதான்," என்றார் அவர். "இன்னும் ஏழெட்டுப் பேரு போனா அவரு ஏறியிருக்கலாம். போன் பேசிட்டு வந்து பையெ எடுத்தாரு. எங்கன்னு கேட்டேன். வீட்டுக்காரி நிக்கச் சொல்லிட்டா, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சிரிச்சிட்டே நடந்தாரு."

மாமி அவருக்குச் சாயா கொண்டு வந்து வைத்தார்.  எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அவர் போனபிறகும் நான் வாய் திறக்கவில்லை. ஓணம் வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது. புத்தாண்டு காலையில் நாங்கள் இருவரும் சபைக்குப் போனோம். தாம்பாளம் வந்தபோது நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். பக்கத்தில் மாமியும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அடுக்களை வாசலில் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் வந்த அட்டை, நான் அதைத் தள்ளியது, இரண்டாவதை எடுத்தது, போனில் வாயடைத்து நின்றது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் காலைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

"எனக்கு அறியாம். அண்ணைக்கே தெரியும்," என்றார் மாமி.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"உனக்குப் பொறத்தால நான்தானே நின்னேன். ஒட்டகம் போட்டதெ நீ எடுத்து வாசிச்சதெயும் கண்டேன், ஓரத்தில தள்ளினதெயும் கண்டேன். அவனுக்குள்ளது வேற எவ கையிலயும் போவாண்டாம்னு நானாக்கும் தேடி எடுத்தேன்."

"பின்ன ஏன் மாமி போன்ல சொல்லல்ல?" என்று அலறினேன். "இது உனக்குள்ளதாக்கும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏறியிருப்பாரே!"

மாமி என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் சொன்னா அவன் உன்னெ வெறுத்திருப்பான். மகனுக்கும் பெஞ்சாதிக்கும் எடையில விழுந்த மாமியாருன்னு எனக்கும் பேராவும். அதாக்கும் போனெ உன் கையில தந்தேன். இப்பம் சொல்லுவா, இப்பம் சொல்லுவான்னு உன் வாயெயே பாத்துட்டு நின்னேன் மக்களே."

பிறகு முட்டியில் கையூன்றி எழுந்து, வெந்துகொண்டிருந்த மரச்சீனியை வடிக்கப் போனார்.